ஒரே தாய்ச்செடி, வேறு வாசனை: டிஷ்யூ கல்ச்சர் கன்றில் 'ஹார்மோன்' என்ன செய்கிறது?

தாராவி, செம்பூர், உல்லாஸ்நகர் என மும்பையைச் சுற்றி வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கும். தென்னைக்கு நடுவே பச்சௌலி போடலாமா, மலைப் பக்கம் என்றால் ஜெரானியம் போடலாமா என்று யோசிக்கும்போது கூடவே காதில் விழும் சொல், 'டிஷ்யூ கல்ச்சர் கன்று'. நோய் இருக்காது, எல்லாம் ஒரே மாதிரி வளரும் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் வாசனைச் செடியில் காசு தருவது இலைக்குள் இருக்கும் எண்ணெய். அது மாறியிருந்தால் கன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் டிஷ்யூ கல்ச்சர்?

பச்சௌலியை வழக்கமாகத் தண்டு வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் அது கன்றுக்கும் வந்துவிடும். தளிரின் நுனியில் உள்ள வளரும் முனையில் வைரஸ் மிகக் குறைவு என்பதால், அதை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

பாட்டிலில் இருப்பது அகர், சர்க்கரை, தாது உப்புகள். முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-ல் வெளியிட்ட கலவைதான் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதோடு வளர்ச்சி ஊக்கிகள் சேரும். 1957-ல் ஸ்கூக், மில்லர் காட்டிய சூத்திரம் சிம்பிள்: சைட்டோகைனின் அதிகமானால் தளிர், ஆக்சின் அதிகமானால் வேர், இரண்டும் சமநிலையில் இருந்தால் 'கேலஸ்' எனப்படும் உருவமற்ற திசுக் கட்டி.

இதில் நமக்குத் தெரிந்த பொருளும் உண்டு. 1941-லேயே இளம் கருக்களை வளர்க்க இளநீரைப் பயன்படுத்தினார்கள். அதில் சைட்டோகைனின் இருக்கிறது. கேலஸ் உண்டாக்கப் பயன்படும் 2,4-டி என்ற ஆக்சினோ, வயலில் களைக்கொல்லி. அளவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

சிக்கல் எங்கே?

ஊக்கியைக் கூட்டினால் தளிர் நிறைய வரும், ஆய்வகத்துக்கு லாபம். ஆனால் அளவு எல்லை மீறினாலோ, கேலஸ் வழியாகப் பெருக்கினாலோ, பல சுற்று மறுவளர்ப்பு செய்தாலோ மரபியல் மாற்றங்கள் வரும் வாய்ப்பு கூடும்.

லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தின் (சிமாப்) விஞ்ஞானிகள் 2001-ல் இதற்கு ஒரு உதாரணத்தை வெளியிட்டார்கள். ரோஜா மணம் தரும் ஜெரானியால் மிகுந்த ஜெரானியத்தை டிஷ்யூ கல்ச்சர் செய்ததில், புதினா சாயல் கொண்ட ஐசோமென்தோன் மிகுந்த செடி ஒன்று கிடைத்தது.

மாற்றம் எப்போதும் நஷ்டம் இல்லை. இதே வழியில் வந்த மாறுபாட்டிலிருந்துதான் சிமாப் 'பயோ-13' என்ற சிட்ரோனெல்லா ரகத்தைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அது சோதித்துத் தேர்ந்தெடுத்தது. சொல்லாமல் கைக்கு வருவது வேறு. எண்ணெய்ப் பனையில் 1980-களில் நடந்தது அப்படித்தான். கன்றுகள் நன்றாக வளர்ந்தன. பூத்த பிறகுதான் கோளாறு தெரிந்தது. காரணத்தை மலேசிய விஞ்ஞானிகள் 2015-ல்தான் கண்டுபிடித்தார்கள்.

ஒரு சின்ன கணக்கு

ஒரு தளிர் ஒவ்வொரு சுற்றிலும் நான்காகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு சுற்றில் 4,096 கன்றுகள். ஐந்தாவது சுற்றில் ஒரு தளிர் மாறினால் கடைசியில் 4 கன்றுகள்தான் தவறு. முதல் சுற்றிலேயே ஒன்று மாறினால் 1,024 கன்றுகள், அதாவது கால் பங்கு தோட்டம். ஆரம்பத்திலேயே சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

• கன்று நேரடியாக மொட்டிலிருந்து வந்ததா, கேலஸ் வழியாகவா?

• எத்தனை சுற்று மறுவளர்ப்பு செய்தார்கள்?

• சான்றிதழ் உண்டா? விதைச் சட்டம் 1966-ன் கீழ், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல் டிஷ்யூ கல்ச்சர் செடிகளுக்கான தேசிய சான்றளிப்பு முறையைக் கொண்டுவந்தது. வைரஸ் இல்லை என்பதையும் தாய்ச்செடியோடு மரபு ஒற்றுமை இருப்பதையும் இதில் சோதிப்பார்கள்.

• வயலில் வளர்ந்த செடியின் எண்ணெய்க்கு கேஸ் குரோமட்டோகிராஃபி அறிக்கை இருக்கிறதா?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், முதல் வருஷம் சில சென்ட்டில் மட்டும் நட்டு, எண்ணெய் வடித்து, சோதித்துப் பாருங்கள். ஒரு பருவம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஏக்கர் கணக்கில் நட்ட பிறகு எண்ணெய் வாங்குபவர் 'இது அந்த வாசனை இல்லையே' என்று திருப்பி அனுப்பினால், அந்தச் செலவை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.