பிளஸ் 1 கணக்கை இனி யார் கேட்பது?

2025 ஆகஸ்ட் 8 அன்று அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோதே பிளஸ் 1 பொதுத்தேர்வின் கதை முடிந்தது. அந்த அண்ணா பிறந்த ஊரிலிருந்து சொல்கிறோம்: இது தவறான முடிவு.

எங்கள் காஞ்சிபுரத்துக்கு இதில் தனி ஆதங்கம் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் பத்து வயதுப் பிள்ளைகள் இங்கே தறியோரம் உட்கார்ந்து, கோர்வைப் புடவைக்குக் கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்தார்கள். வீட்டார் வாங்கிய முன்பணம் அவர்களை அங்கே கட்டிப்போட்டது. அந்தக் கொடுமையிலிருந்து பிள்ளைகளை மீட்டதைவிடப் பெரிய காரியத்தை இந்த ஊர் செய்ததில்லை. ஆனால் தறியில் ஒரு கண்டிப்பு இருந்தது. மூன்று புடவைக்குப் பாவு வாங்கி வந்தால் மூன்றையும் நெய்து கொடுத்தாக வேண்டும். இழை அறுந்தால் அப்போதே பிணைக்க வேண்டும். பிணைக்காமல் நெய்தால் துணியில் கோடு விழும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஏற்ற வேலையை முடிக்கும் அந்தப் பொறுப்பை அடி உதையில்லாமல் பள்ளிக்கூடம் கற்றுத்தரும் என்று நம்பித்தான் நெசவாளர்கள் பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது? எட்டாம் வகுப்புவரை கட்டாயத் தேர்ச்சி. இப்போது பிளஸ் 1-க்கும் பள்ளியே தேர்வு வைத்து, பள்ளியே திருத்திக்கொள்ளும். 2017-18-இல் இந்தப் பொதுத்தேர்வு எதற்காக வந்தது? பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தை உருப்போட வைத்ததால்தான். அந்தப் பள்ளிகள் திருந்திவிட்டன என்று யாராவது சான்று காட்டினார்களா? தேர்வை நீக்கியதற்குக் காரணம் மாணவர்களின் மன அழுத்தம் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பிளஸ் 1 பாடம் தெரியாமல் நீட் வினாத்தாளைப் பிரிக்கும் மாணவனுக்கு அழுத்தம் வராதா?

ஆட்சி எதுவானாலும் இந்தத் துறையில் முடிவெடுப்பவர்களின் வழக்கம் மாறுவதில்லை. பிளஸ் 1 தேர்வைக் கொண்டுவந்த மறு ஆண்டே, அந்த மதிப்பெண் உயர்கல்விக்குக் கணக்கில் வராது என்று அறிவித்து அதன் முதுகெலும்பை முறித்தார்கள். 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று குழந்தைகளை மிரட்டிவிட்டு, 2020 பிப்ரவரி 4-இல் ரத்து செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், கட்டணம் கட்டியிருந்தால் போதும், கல்லூரி அரியர் எல்லாம் தேர்ச்சி என்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆறு மாதம் தங்கள் சொல்லில் நிற்காதவர்கள் எந்த முகத்தோடு பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது?

பழைய தேர்வையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு வடிவில், பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து அந்த ஓராண்டுப் படிப்புக்குக் கணக்குக் கேட்க வேண்டும். 2025-26-இல் பொதுத்தேர்வு இல்லாமல் பிளஸ் 1 படித்த மாணவர்கள் 2027 மார்ச்சில் பிளஸ் 2 எழுத உட்காருவார்கள். அதற்குள் அந்த ஏற்பாடு வந்தாக வேண்டும்.