வண்ணக்குண்டுத் துப்பாக்கியும் திருத்துவோர் கடமையும்

கருவியைத் தன் கைக்கு இயையத் திருத்திக்கொள்ளுதல் மக்கட்கு இயல்பு. இதற்கு வண்ணக்குண்டுத் துப்பாக்கியின் வரலாறே சான்றாகும். மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் தொலைவினின்று குறியிடும்பொருட்டு அமெரிக்காவில் செய்யப்பெற்றது 'நெல்ஸ்பாட் 007'. 1981-ஆம் ஆண்டு ஜூன் 27-இல், நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக் காடொன்றில் பன்னிருவர் அதனை ஏந்திக் கொடி கவரும் ஆட்டம் ஆடினர். பின்வந்தோர், குண்டுதோறும் தாழை இழுக்கும் வருத்தம் நீங்கக் குழலின்கீழ்க் கைப்பிடி அமைத்தனர். சிறு வாயுக்குப்பிக்கு மாற்றாகப் பெருங்கலம் இணைத்தனர். இவை போற்றற்குரிய திருத்தங்களே.

ஆயின், வேகத்தை மிகுத்தலே திருத்தமென எண்ணுவாரும் உளர். அது பேதைமை என்பது என் துணிபு. விநாடிக்கு 300 அடி என்பதே ஆடுகளங்களிற் பெரிதும் வழங்கும் மேல்வரம்பு. அதனை 330 ஆக்கின், வேகம் நூற்றுக்குப் பத்தே மிகும். தாக்கும் ஆற்றலோ இருபத்தொன்று மிகும். கவசமில்லாக் கண்ணைக் கெடுக்க 300 அடியே போதும். பின்னும் மிகுத்தல் எற்றுக்கு? மெல்லிய ஜெலட்டின் தோலுடைய குண்டு குழலிலேயே உடைதலுங் கூடும்.

குண்டின் பருமனுக்கு ஏற்ற குழல், வாயுவின் அழுத்தத்தை ஒருநிலையில் நிறுத்தும் அமைப்பு, இவற்றால் ஒவ்வொரு குண்டும் ஒத்த வேகத்தோடு செல்லச் செய்வதே மெய்யான திருத்தம். எனவே, திருத்துவோன் முதற்கண் வாங்கவேண்டுவது வேகமானியே, அளவாதவன் திருத்தலாகாது.

முதலாட்டத்தில் வென்றவர் ஒரு குண்டேனும் சுடாமலே கொடிகளைக் கவர்ந்தனர் என்ப. நண்பர்காள்! கருவியைத் திருத்துமுன் இதனைச் சிறிது எண்ணுமின்.