நொய்யலும் 21-ஆவது பிரிவும்

அரசியலமைப்புச் சட்டம் என்றால் வக்கீல்களுக்கும் ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் உரிய புத்தகம் என்று நம்மில் பலர் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். திருப்பூர்க்காரர்கள் அப்படி ஒதுக்க முடியாது. அந்தப் புத்தகத்தின் ஒரு வாக்கியம்தான் 2011 ஜனவரியில் இந்த ஊர்ச் சாயப்பட்டறைகளை மூட வைத்தது.

சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது 21-ஆவது பிரிவின் சாரம். தண்ணீர் என்ற சொல்லே அதில் கிடையாது. உயிர்வாழும் உரிமைக்குள் மாசில்லாத நீரும் காற்றும் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது.

இங்கே கெட்டது நொய்யல். பனியன் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயத் தண்ணீரும் பெருகியது. பாசனத்துக்கென்று 1992-இல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் உப்பும் சாயமும் கலந்த கழிவுதான் தேங்கியது. திறந்தாலும் கேடு, மூடினாலும் கேடு. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது.

ரிட் என்ற சொல்லின் கனம் என்னைப் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்குத் தெரியும். சாதாரண மனு வந்தால் தபால் பதிவேட்டில் ஒரு நம்பர், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு பதில், தீர்ந்தது. ரிட் வந்தால் பெரிய அதிகாரியே ஃபைலைத் தேடிக்கொண்டு நம் மேசைக்கு வருவார்!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1789-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தில் 17 பிரிவுகள். அடுத்தவருக்குத் தீங்கு வராத எதையும் செய்யலாம் என்கிறது நாலாவது பிரிவு. சாயப்பட்டறைக்கென்றே எழுதியது போலிருக்கும். ஆனால் அமலில் உள்ள ஒரு சட்டம் தன் உரிமையைப் பறிக்கிறது என்று வழக்காடும் பிரெஞ்சுக் குடிமகன், அந்தக் கேள்வியை அரசியலமைப்பு மன்றம் வரை கொண்டுபோக 2010 மார்ச் வரை வழியில்லை. நமக்கோ 1950-லேயே 32-ஆவது பிரிவும் 226-ஆவது பிரிவும் கதவைத் திறந்து வைத்துவிட்டன. 32-ஐத்தான் இந்தச் சட்டத்தின் இதயம், ஆன்மா என்று அம்பேத்கர் சொன்னார்.

கதவு திறந்திருந்தது சரி, உள்ளே போனவர்கள் காத்திருந்த கணக்கைப் பாருங்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாட்டை 2007 ஜூலைக்குள் செய்ய வேண்டும், அதுவரை லிட்டருக்கு இத்தனை பைசா கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது 2006 டிசம்பரில். பட்டறைக்காரர்கள் டில்லி போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்புறமும் ஆற்றில் சாயம் நிற்கவில்லை. அவமதிப்பு மனு போன பிறகுதான், 2011 ஜனவரி 28 அன்று, எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடு, மின்சாரத்தைத் துண்டி என்ற உத்தரவு. மனு போட்டு எட்டு வருஷம்!

தொழில் செய்யும் உரிமையும் 19-ஆவது பிரிவில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. மூடச் சொன்னது சரி என்பதே என் கட்சி.

எனக்கு உறுத்துவது வேறு. பிழைப்பும் 21-க்குள் அடங்கும் என்று 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கழிவை ஆற்றில் விட முடிவு செய்தவர் வாரக்கூலிக்குச் சாய மிஷின் ஓட்டியவரா? பட்டறை மூடினால் அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில்தான் சம்பளம் இல்லை. 1996-இல் டில்லியின் 168 அபாயத் தொழிற்சாலைகளை வெளியேற்றியபோது, தொழிலாளர்களின் சம்பளத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் முதலாளிகளே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாசுக்காக எந்த ஊரில் எதை மூடினாலும் அதே அளவுகோல் வேண்டும் என்பது என் வாதம்.

ஆனால் அப்படி உத்தரவே வந்தாலும், பணத்தை யார் பெயருக்குக் கொடுப்பது? நீதிமன்றத்துக்குப் போன உழவரிடம் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் இருக்கும். சாயப்பட்டறையில் பத்து வருஷம் நின்றவரிடம் என்ன காகிதம் இருக்கும்? மஸ்டர் ரோலில் பெயர் ஏறாமல், ஈ.எஸ்.ஐ. அட்டையோ பி.எஃப். நம்பரோ இல்லாமல் கவரில் கூலி வாங்கியவர், அங்கே வேலை பார்த்தேன் என்று எதைக் காட்டி நிரூபிப்பார்? உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பட்டறைக்கு, பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால், அந்த அட்டையும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.