துருசைத் திறப்பது யார்?

குளத்தை நம்பிக் கமம் செய்தவர்களுக்கு ஒரு விடயத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. துருசுக்குக் கண் இல்லை. திறந்தால் தண்ணீர் போகும், மூடினால் நிற்கும். யாருடைய வயல் விளைந்தது, யாருடைய வயல் கருகியது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே பயிர் கருகியபோது துருசோடு யாரும் சண்டைக்குப் போனதில்லை. எத்தனை நாள் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் விடுவது என்று தீர்மானித்தவர்களையே கேட்டோம்.

கேட்கவும் முடிந்தது. ஏனெனில் அந்தத் தீர்மானம் ஒளிவுமறைவாக எடுக்கப்படவில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அரச உத்தியோகத்தர் தலைமை தாங்குவார். கமக்காரர் எல்லோரும் வருவார்கள். முதல் தண்ணீர் விடும் திகதி, கடைசித் தண்ணீர் விடும் திகதி, விதைக்கும் ஏக்கர், கால்நடையை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் அங்கே பேசி முடிவாகும். குளத்தில் தண்ணீர் குறைவென்றால் ஆளுக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும் அங்கேதான். வாக்குவாதம் வரும், குரல் உயரும். ஆனால் வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவரும் எழுந்து நின்று தன் குறையைச் சொல்லலாம்.

ஊரை விட்டு வந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை அறைகளில் வாழும் நமது குடும்பங்களுக்கு இன்று வேறொரு துருசு இருக்கிறது. அதுதான் கணனி. அதன் வாய்க்கால் எங்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு நம்மை யாரும் அழைப்பதில்லை. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

கணனிக்குள் ஒரு வாய்க்கால்

முன்னர் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் அது மேசைக்கு மேசை கைமாறிப் போகும். இன்று பல இடங்களில் கணனியே அதனை நகர்த்துகிறது. 'இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் அடுத்த உத்தியோகத்தருக்கு அனுப்பு. இல்லை என்றால் நிராகரி. பதினான்கு நாளில் பதில் வராவிட்டால் கோவையை மூடு.' இப்படியான நியதிகளை யாரோ ஒருவர் முன்கூட்டியே உள்ளே வைத்துவிடுகிறார். அதன் பின்னர் கணனி இரவும் பகலும் அதன்படியே செய்துகொண்டிருக்கும்.

இது அரச அலுவலகங்களில் மட்டும் நடப்பதல்ல. காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் உள்ள நிறுவனங்கள் ஊழியர் சேமலாப நிதி, வருமான வரி முதலியவற்றைச் சட்டப்படி உரிய நாளில் ஒப்படைப்பதற்கு இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. உங்கள் மகனோ மகளோ அங்கே வேலை செய்யக்கூடும். அவர்களது சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. அதனோடு முதலாளி 12 வீதம் சேர்த்துச் சேமலாப நிதிக்கு மாதந்தோறும் அனுப்ப வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3 வீதம் முதலாளியே கட்ட வேண்டும்.

இப்போது ஒரு சிறு நியதியைப் பாருங்கள். ஓர் ஊழியரின் அடையாள அட்டை இலக்கம் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். கணனி என்ன செய்ய வேண்டும்? 'அந்தப் பெயரை விட்டுவிட்டு மற்றவர்களுடையதை அனுப்பு' என்றும் வைக்கலாம். 'நிறுத்தி, ஓர் ஆளுக்குக் காட்டு' என்றும் வைக்கலாம். வைப்பவருக்கு இரண்டும் ஒரு விநாடி வேலைதான். ஆனால் முதலாவதை வைத்தால் அந்தப் பிள்ளையின் பெயரில் பணம் சேராமலே மாதங்கள் போய்விடும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும்.

நமக்கு ஏன் அதிகம் இடறுகிறது?

இலக்கம் ஏன் பொருந்தாமல் போகிறது என்று சிலர் கேட்கலாம். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்பட்ட புதிய அட்டைகளில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. ஓடும் வழியில் அட்டையைத் தொலைத்துப் பின்னர் புதிது எடுத்தவர் பலருக்கு வங்கியில் ஓர் இலக்கமும் வேலைத்தலத்தில் வேறோர் இலக்கமும் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கணனிக்கு யாரும் சொல்லாவிட்டால் அது இரண்டு ஆட்களையே காணும்.

பெயரும் அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரே முன்னால் நிற்கிறது. படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கிறது. ஒரு முறை தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம், மறுமுறை நமது பெயரை எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் மூன்று விதமாக மாறுகிறது.

முகவரியின் கதை இன்னும் பெரியது. ஊரில் ஒரு கிராம அலுவலர் பிரிவில் பதிவு. இங்கே கொட்டாஞ்சேனையில் இருந்தால் கொழும்புப் பிரதேச செயலகம். வெள்ளவத்தையில் இருந்தால் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். வாடகை கூடினால் அறை மாறுகிறோம். கடிதம் பழைய வாசலில் கிடக்கிறது. 'பதினான்கு நாளில் பதில் இல்லை' என்று கணனி கோவையை மூடிவிடுகிறது.

காணியும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்களின் கையில் இன்றும் உறுதி இருக்கிறது. காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதிலும் ஒரு பகுதி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. 'உங்களுக்குக் காணி உண்டா?' என்று ஒரு படிவம் கேட்டால் நேர்மையான பதில் 'உண்டு' என்பதே. 'அதற்குள் கால் வைக்க முடியுமா?' என்ற இரண்டாவது கேள்வி அங்கே இல்லாவிட்டால், மிளகாய்க் கன்று ஒன்றுகூட நட முடியாத காணி அந்தக் குடும்பத்தை வசதியுள்ளவர்களின் பக்கம் தள்ளிவிடும்.

இருபத்திரண்டு குறிகாட்டிகள்

இந்த நாட்டில் இத்தகைய நியதி எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதனை 2023இல் எல்லோரும் கண்டோம். சமுர்த்தியின் இடத்தில் அஸ்வெசும நலன்புரித் திட்டம் அவ்வாண்டு ஜூலையில் தொடங்கியது. இதற்குச் சட்ட அடிப்படை 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள் வகுக்கப்பட்டன. வீடு வீடாகத் திரட்டிய விபரங்களுக்குப் புள்ளி போடப்பட்டது. அந்தப் புள்ளியின்படி நான்கு வகுப்புகள் பிரிந்தன. தொடக்கத்தில் மாதம் 15,000 ரூபா, 8,500 ரூபா, 5,000 ரூபா, 2,500 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது.

பட்டியல் வெளிவந்ததும் மேன்முறையீடுகள் ஒன்பது இலட்சத்தைத் தாண்டின. ஊரில் கேட்டால், 'நாங்கள் தெரிவு செய்யவில்லை, கணனிதான் செய்தது' என்ற பதிலே பலருக்குக் கிடைத்தது. கிராம மட்டத்து உத்தியோகத்தரைக் குறை சொல்லிப் பயனில்லை. புள்ளி எப்படி விழுந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். முன்னைய முறை மட்டும் நீதியாக இருந்ததென்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கட்சிக்காரருக்கும் தெரிந்தவருக்கும் முதலிடம் கொடுத்த பட்டியல்களை நாம் கண்டிருக்கிறோம். கணனி கைக்கூலி கேட்பதில்லை; மொழியைக் கேட்டு முகத்தைச் சுளிப்பதுமில்லை. அதனால் கணனியே வேண்டாம் என்று நாம் எழுதவில்லை. உள்ளே வைத்த நியதி பிழையானால் அது ஓர் அலுவலகத்தில் அல்ல, எல்லா இடத்திலும் ஒரே நாளில் பிழையாகும் என்றே சொல்கிறோம்.

அவுஸ்திரேலியாவில் நடந்தது

வசதி படைத்த நாட்டிலும் இது நடந்தது. அவுஸ்திரேலிய அரசு 2016 முதல் 2019 வரை நலன்புரி உதவி பெற்றோரின் கணக்குகளைக் கணனியால் சரிபார்த்தது. ஒருவர் ஆண்டு முழுவதும் உழைத்த தொகையை இரண்டு வாரத் துண்டுகளாகச் சமமாகப் பிரிப்பதே அதில் வைத்த நியதி. உழைப்பு ஏறி இறங்குபவருக்கு இது எப்படிப் பொருந்தும்? அறுவடை மாதத்தில் மட்டும் காசைக் காணும் கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை இல்லாத வாரங்களிலும் அவர்கள் சம்பளம் பெற்றதாகக் கணக்கு வந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் தலையில் 170 கோடி டொலருக்கு மேற்பட்ட இல்லாத கடன் சுமத்தப்பட்டது. அது சட்டத்துக்கு முரணானது என்று பின்னர் முடிவாயிற்று. 2023 ஜூலையில் வெளிவந்த விசாரணை ஆணைக்குழு அறிக்கை அத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

அங்கே பாதிக்கப்பட்டோர் செய்த பிழை எதுவுமில்லை. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் மேல் போடப்பட்டதுதான் பெரிய கொடுமை.

கேட்பதற்கு ஓர் ஆள்

கொழும்பில் வாழும் நமக்குப் பட்டியலின் பயம் புதிதல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். 'தக்க காரணமின்றித் தங்கியிருப்போர்' என்பதே சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே இடைக்காலத் தடை வந்தது. தடை கேட்க முடிந்ததற்குக் காரணம், கட்டளை எங்கிருந்து வந்தது என்று சுட்டிக்காட்ட முடிந்ததே. கணனி ஒரு பெயரை வெட்டினால் யாரைச் சுட்டிக்காட்டுவது? ஆள் இல்லாத தீர்மானத்துக்கு எதிராக எந்த ஏழையும் வழக்காட முடியாது. நமது முதற் கோரிக்கை இதிலிருந்தே பிறக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது: நிராகரிக்கும் வேலையைக் கணனி தனியே முடிக்கக் கூடாது. 'ஆம்' என்பதை அது விரைவாகச் சொல்லட்டும். 'இல்லை' என்று வந்தால் பெயரும் பதவியும் உள்ள ஓர் உத்தியோகத்தர் பார்த்துக் கையொப்பம் வைக்க வேண்டும்.

இரண்டாவது: காரணம் தமிழில் வர வேண்டும். நாட்டின் எப்பகுதியிலும் அரசோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் உண்டு. கணனி அனுப்பும் குறுஞ்செய்திக்கும் அது பொருந்த வேண்டும்.

மூன்றாவது: தவணை எண்ணுவது கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். முகவரி மாறியவர்களுக்குத் தவணையை நிறுத்தி வைக்கும் வழி இருக்க வேண்டும்.

நான்காவது: எந்த நியதியை யார், எப்போது மாற்றினார் என்பது பதிவாக வேண்டும்.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. இதற்கு வழி சட்டத்திலும் காட்டப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரம் மட்டும் எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து ஒத்திவைக்கப்பட்டன என்பது வருந்தத்தக்கது. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 'எனது விண்ணப்பம் எந்த நியதியின்படி நிராகரிக்கப்பட்டது?' என்று எந்த அரச அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பெயரை எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்கள் இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைகளின் சேமலாப நிதிக் கூற்றை வாங்கிப் பாருங்கள். கொடுக்கும் ஒவ்வொரு படிவத்திலும் ஒரு பிரதியை எடுத்து, கொடுத்த திகதியை அதில் எழுதுங்கள்.

கடைசியாக, கணனி படித்து இந்த நகரத்து அலுவலகங்களில் அமர்ந்திருக்கும் நமது பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த நியதிகளை உள்ளே வைப்பவர்கள் சில வேளைகளில் நீங்களே. 'பொருந்தாவிட்டால் விட்டுவிடு' என்றா, 'நிறுத்தி ஓர் ஆளுக்குக் காட்டு' என்றா வைப்பது என்று கேள்வி வரும்போது, அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த உங்கள் அம்மாவை ஒரு கணம் நினையுங்கள். மேலதிகாரி நேரம் போகிறது என்பார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் அப்படி நிறுத்தப்படுகிறார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள். பெரும்பாலும் அது ஓர் உத்தியோகத்தரின் அரைநாள் வேலைக்குள் அடங்கிவிடும். அந்த அரைநாளைக் கேட்டு வாங்குங்கள். வாய்க்காலின் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேர அன்று உங்கள் அப்பா கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டதும் இதைத்தான்.