காரில்லாதவன் காதலிக்கக்கூடாதா?

'பெடியனிட்ட வாகனம் இருக்கோ?' என்பது ஒரு காலத்தில் கல்யாணத் தரகர்களின் கேள்வி. இப்போது காதல் முளைவிடும் பருவத்திலேயே அது கேட்கப்பட்டுவிடுகிறது என்று இளைஞர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். முகநூலில் இதை வைத்து எழுதப்படும் பகிடிகளுக்கும் குறைவில்லை. மோட்டார் சைக்கிள்காரன் தன் காதலியைக் கார்க்காரனிடம் பறிகொடுப்பதும், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவன் இருவரையும் பார்த்துப் பெருமூச்சு விடுவதுந்தான் அவற்றின் சாரம். 'இந்தக் காலத்துப் பிள்ளையள் மனத்தைப் பாக்கிறேல்லை, ரயரைத்தான் பாக்குதுகள்' என்று பெரியவர்களும் சேர்ந்து தலையாட்டுகிறார்கள்.

இந்தத் தலையாட்டலில் எனக்கு உடன்பாடில்லை. வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் வீடு, காணி, நகையோடு காரையும் சீதனமாகப் பேசிய சமூகம் நம்முடையது. அரச உயர் உத்தியோகத்தர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் தீர்வைச் சலுகையில் வாகனம் இறக்குமதி செய்யப் 'பேர்மிட்' வழங்கப்பட்டபோது, அந்தக் காகிதத்துக்கே கல்யாணச் சந்தையில் ஒரு பெறுமதி இருந்தது. (அதைக் கைமாற்றிக் காசாக்கியவர்கள் கதை வேறு.) பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற வகையில் ஞாயிறு இதழ்களின் 'மணமகன் தேவை' பக்கங்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தகப்பன்மார் காசு கட்டி விளம்பரத்தில் கேட்டதைப் பிள்ளைகள் ஒரு கோப்பி குடிக்கும் நேரத்தில் நேரடியாகக் கேட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்பது எளிது, இலங்கையில் ஒரு கார் வாங்குவது எளிதன்று. இறக்குமதித் தீர்வை, உற்பத்தி வரி, பெறுமதிசேர் வரி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிய பின்னர், பல வாகனங்களில் வாகனத்தின் விலையைவிட வரியே அதிகமாகிவிடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஓடித் தேய்ந்த கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்குக் கைமாறின. 2022 ஏப்ரிலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, லீசிங்கில் வாகனம் எடுக்க எண்ணியிருந்தவர்கள் அந்த எண்ணத்தையே மடித்து வைத்தார்கள். அதே ஆண்டில் எரிபொருளுக்குக் 'கியூ.ஆர்.' அட்டை வந்தது. ஆரம்பத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அந்த 4 லீற்றருக்குள் வேலையையும் காதலையும் பங்கிட்டுக்கொண்ட இளைஞர்களை நான் அறிவேன். வேலைக்குப் பஸ்ஸில் போனார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் இருபத்தைந்து வயதுப் பையனிடம் கார் இல்லாததை ஒரு குறையாகச் சொல்பவர்கள் இந்த நாட்டின் கணக்கு வழக்குத் தெரியாதவர்கள். அதற்காக, அந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணைப் பேராசைக்காரி என்று சொல்பவர்களை நான் ஏற்றுக்கொள்ளவுமில்லை. அவர்கள் மாலை ஆறு மணிக்கு ஒரு தனியார் பஸ்ஸில் ஏறிப் பார்க்கவேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பயணம் செய்யும் பெண்களில் 90 சதவீதத்தினர் ஒரு தடவையேனும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளாகியிருப்பதாகத் தெரியவந்தது. பொலிஸில் முறையிட்டவர்களோ 4 சதவீதத்தினர் மட்டுமே. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பொழுது பட்டபின் கிராமங்களுக்குப் போகும் பஸ்கள் அருகிவிடுகின்றன. படம் முடிந்து, சாப்பாடு முடிந்து, ஒரு பெண் எப்படி வீடு போய்ச் சேருவது? 'வாகனம் இருக்கோ?' என்ற கேள்வியைப் பிரித்துப் பார்த்தால், பல வேளைகளில் உள்ளே இருப்பது இந்தக் கேள்விதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்களில் கார் என்பது வெறும் வாகனமன்று. நான்கு கதவுள்ள ஓர் அறை. இருவர் தனியே இருந்து பேசுவதற்கு வீட்டிலே இடமில்லை, வெளியிலும் இல்லை. காலிமுகத்திடலிலும் விகாரமகாதேவி பூங்காவிலும் மழையில்லாத நாள்களில் விரிந்திருக்கும் குடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காரில்லாதவர்களின் கார் அந்தக் குடை. காவலாளி அதட்டுவதும் பொலிஸ்காரர் அடையாள அட்டை கேட்பதும் குடைக்குள் இருப்பவர்களைத்தான். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு இருப்பவர்களை எவரும் தட்டி எழுப்புவதில்லை. ஒழுக்கக் காவலிலும் ஒரு வர்க்க பேதம் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது புதிதன்று. லண்டனில் பாதாள ரயில் இருப்பதால் கார் இல்லாதவனை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கனடாவின் ஸ்காபரோவிலோ, தமிழர் செறிந்து வாழும் அந்தப் பகுதியின் இலகு ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டபின் மீண்டும் ஓடவேயில்லை. பனிக்காலத்தில் அங்கே பஸ் தரிப்பிடத்தில் காதலியைக் காக்க வைப்பவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊருக்கு ஊர் இது மாறுகிறது என்றால், பெண்ணின் மனம் மட்டுந்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

கார் என்ற ஒன்றே கணக்கில் வராத ஒரு காலத்தையும் நாங்கள் கண்டிருக்கிறோம். 1990 இல் போர் மீண்டும் மூண்டு, யாழ் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது பெற்றோல் அருமருந்தாயிற்று. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் புகைகக்கிக்கொண்டு ஓடின. மற்ற எல்லாருக்கும் சைக்கிள்தான். விரிவுரையாளரும் சைக்கிள், மாணவனும் சைக்கிள், வைத்தியரும் சைக்கிள். மின்சாரமில்லாத இரவுகளில் அதன் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியும் கேட்டோம். நான் கலைப்பீடத்தில் படித்த அந்த ஆண்டுகளில் காதல்களும் சைக்கிளில்தான் நடந்தன. ரியூசன் விட்டு வரும் பெண்ணின் படலைக்கு நேரே பையனின் செயின் தவறாமல் கழன்றுவிடும். பின்சில்லுக்குக் காற்றுப்போய் உருட்டிக்கொண்டு போகிறவளுக்குப் பம் கொண்டு ஓடி வந்தவன் இன்று அவளுக்குக் கணவன். இருவர் சமாந்தரமாக ஓடிக்கொண்டே பேசலாம். பேச்சு முடியும்வரை மெதுவாக மிதிக்கலாம். சோளகக் காற்றை எதிர்த்து மிதிக்கும் மாதங்களில் ஒருவரும் அவசரப்படமாட்டார்கள். ஊர்க்கண் பட்டால், அடுத்த ஒழுங்கையில் அவள் இடப்பக்கம், அவன் வலப்பக்கம்.

அது பொற்காலமன்று. தலைக்குமேல் பொம்மரும் ஹெலியும் இரைந்துகொண்டிருந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அதே சைக்கிள்களில்தான் அரிசி மூட்டையும் அம்மம்மாவும் ஏறினார்கள். அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று மனமுள்ள எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அதில் ஒன்றை மட்டும் நான் கவனித்து வைத்திருக்கிறேன். அவளிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. அவள் தானாக வந்தாள். பேச்சுப் பிடிக்காவிட்டால் தானாகத் திரும்பிப் போனாள். அவளது ஹான்டில் அவள் கையில்.

காரில் அப்படியன்று. எங்கே போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எந்த ஒழுங்கையில் நிறுத்துவது என்பதெல்லாம் ஸ்டியரிங் பிடித்தவனின் முடிவு. பக்கத்து ஆசனத்தில் இருப்பவளுக்கு, இடையில் இறங்கிப் போக வழி இல்லை. யாழ் நகரிலிருந்து காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு ஒருவனுடைய காரில் போன பெண், அங்கே மனம் மாறினால் யாருடைய காரில் திரும்புவாள்? கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. காரில்லாதவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்றும் இல்லை. பஸ்ஸில் தொந்தரவு செய்பவனும் காரில்லாதவன்தானே! ஆனால் பாதுகாப்பைத் தேடிக் காரில் ஏறுபவள், போக்குவரத்தையும் அவனிடமே ஒப்படைத்துவிடுகிறாள். பகிடி எழுதுபவர்கள் எவரும் இதைக் கவனிப்பதில்லை.

ஆகவே, காரில்லாத பையன்களுக்கு நான் சொல்லக்கூடியது, அவளுக்காகக் கடன்பட்டுக் கார் எடுக்கவேண்டாம் என்பதே. தவணை தவறினால் நிதிக் கம்பனியின் ஆட்கள் வந்து காரைக் கொண்டுபோவார்கள். மிஞ்சியிருக்கும் கடனுக்கு நீங்கள்தான் பொறுப்பு. பகலில் சந்தியுங்கள். அவள் வீட்டு வழியில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அவளுக்கு முன்னரே நீங்கள் அறிந்து வைத்திருங்கள். கொழும்பில் என்றால் கைபேசியிலேயே முச்சக்கர வண்டியை அழைக்க முடிகிறது. அவரவர் வண்டியில் அவரவர் வீடு போகலாம்.

பெற்றோருக்குச் சொல்ல இருப்பது இன்னும் கொஞ்சம் கடுமையானது. வடக்கின் வீதிகளில் இன்று ஸ்கூட்டரில் போகும் பெண்பிள்ளைகள் ஏராளம். அப்படியிருந்தும் 'பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன்?' என்று கேட்கும் தகப்பன்மார் இல்லாமலில்லை. அதே தகப்பன்தான் மாப்பிள்ளையின் வாகனத்தை விசாரிக்கிறார். சீதனமாகக் கார் கொடுக்க முன்வந்தாலும் அதை மருமகன் பெயரிலேயே பதிகிறார். தேசவழமைப்படி சீதனம் பெண்ணின் சொத்து என்பதை ஏனோ அந்த நேரத்தில் மறந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதானால் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். எப்படியும் கொடுக்கப்போகிற வாகனத்தை மருமகன் வரும்வரை பூட்டி வைக்காமல், மகளின் பெயரிலேயே பதிந்து, காரோ ஸ்கூட்டரோ, இப்போதே திறப்பை அவளிடம் கொடுக்கலாம்.