தண்டவாளம் சரி, தரை?

தண்டலம் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் போயிருப்பீர்கள். உங்கள் காருக்கு முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் டாங்கர் லாரிகள். முதுகில் ‘அபாயம்’ என்று எழுதி, ஒரு மண்டையோடும் வரைந்திருக்கும். அதில் ஒன்று கவிழ்ந்து அமிலம் கொட்டி உங்களுக்குக் காயம் பட்டால், தப்பு யார் மேல் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்குக்குப் பொறுப்பானவர் நிவாரணம் தந்தாக வேண்டும். அதற்காக முன்கூட்டியே இன்சூரன்ஸும் எடுத்திருக்க வேண்டும். போபாலில் அத்தனை பேர் செத்த பிறகு, 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் சொன்னது இது.

அதே சட்டத்தில், வாகனம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் எழுதி வைத்தார்கள். தரைவழிப் போக்குவரத்து எல்லாமே வாகனம்தான், ரயில்வே நீங்கலாக!

லாரி கொட்டினால் ஒரு நியாயம், ரயில் கொட்டினால் வேறு நியாயம். இத்தனைக்கும் ரயிலின் ஒரு டாங்கர் பெட்டியில் சுமார் 70,000 லிட்டர் பிடிக்கும். பெரிய லாரிகள் மூன்று சேர்ந்தால்தான் அந்த அளவு வரும்.

தண்டலத்துக்கு வடக்கே இருக்கிறது திருவள்ளூர். 2025 ஜூலை 13, ஞாயிறு விடியற்காலை. அதன் அருகே டீசல் ஏற்றி வந்த சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 பெட்டிகள் நாசம். கரும்புகை வானத்தை மறைத்தது. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தீயணைப்பு வீரர்கள் நாள் முழுக்கப் போராடினார்கள். மறுநாளே ரயில்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எரிந்த பெட்டிகளைத் தூக்கி, தண்டவாளம் போட்டு, மின்கம்பி இழுத்த அந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு சல்யூட். இதில் எனக்குக் கிண்டல் எதுவும் இல்லை.

ஆனால் அத்துடன் ‘நிலைமை சீரடைந்தது’ என்று சொல்லி மூடிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. எதன் நிலைமை? கொட்டின டீசல் எல்லாமா எரிந்து போகும்? தண்டவாளத்துக்கு அடியில் இருப்பது ஜல்லி. தண்ணீர் தேங்காமல் இறங்குவதற்காகவே போட்டது. டீசலும் அதே வழியாகத்தான் இறங்கும். மண்ணில் ஒட்டிக்கொண்டு, மழை பெய்யும்போது இன்னும் கீழே போய், நிலத்தடி நீர் மேல் படலமாக மிதக்கும். வருஷக்கணக்கில் கிடக்கும். இதெல்லாம் ஏதோ கிராமத்துப் பிரச்சினை என்று பக்கத்தைத் திருப்பப் போகிறீர்களா? சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி ஏரி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது சார்.

நான் படித்தது பி.காம். அதில் உருப்படியாக மண்டையில் ஏறியது ஒன்றுதான். ஒரு செலவை உன் பேரேட்டில் எழுதவில்லை என்றால், அது மறைந்து போகாது. வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். ரயில் தாமதமானால் நிமிஷக் கணக்கு உண்டு. வீணான பெட்டிக்கு ரூபாய்க் கணக்கு உண்டு. கிணற்றுக்கு எந்தப் பக்கத்தில் பற்று வைப்பது?

விசாரணை வருமே என்பீர்கள். 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 114-வது பிரிவைப் புரட்டிப் பாருங்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் கட்டாயமாக விசாரிக்க வேண்டியது பயணிகள் ரயில் விபத்துகளை. சரக்கு ரயிலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அப்படியே விசாரித்தாலும் முதல் கேள்வி ஏன் புரண்டது என்பதுதான். புரண்ட பிறகு மண் என்ன ஆச்சு என்பது அந்தக் கேள்வித்தாளில் இல்லை.

அமெரிக்காவிலும் ரயில்வேக்காரர்கள் ரயில்வேக்காரர்கள்தான். 2023 பிப்ரவரி 3 அன்று ஓஹையோவில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சின்ன ஊரில், ரசாயனம் ஏற்றிய நார்ஃபோக் சதர்ன் கம்பெனி ரயில் தடம் புரண்டது. ஐந்தாவது நாளே மேலே ரயில் ஓடியது, விஷ மண் அடியிலேயே கிடந்தது. ஊர் ஜனங்கள் சும்மா விடவில்லை. மார்ச்சில், போட்ட தண்டவாளத்தைத் திரும்பப் பெயர்த்து மண்ணை அள்ள வேண்டியதாயிற்று. செலவு கம்பெனியுடையது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. 2024-ல் ஊர்க்காரர்களுக்கு 60 கோடி டாலர் தரவும் கம்பெனி ஒப்புக்கொண்டது.

இங்கே? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்து வெறும் கையால் அள்ளிய படங்களைப் பார்த்தீர்கள்தானே?

ரயிலில் சரக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தண்டலம் சாலையில் இன்னும் ஆயிரம் லாரி ஓடுவதைவிட ரயில் எவ்வளவோ மேல். அதனால்தான் ‘ரயில்வே நீங்கலாக’ என்ற சொற்களைச் சட்டத்திலிருந்து அடிக்கச் சொல்கிறேன். ஒரு விபத்தை முடித்துக் கோப்பை மூடுவதற்கு முன், மண், கிணறு சோதனை முடிவைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும்.

அதுவரை உங்கள் கையில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். தெற்கு ரயில்வேக்கு ஒன்று, கிண்டியில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒன்று. திருவள்ளூரில் எவ்வளவு டீசல் தரையில் இறங்கியது, எத்தனை டன் மண்ணை எடுத்தார்கள், எங்கே கொண்டு போய்க் கொட்டினார்கள், எந்தெந்தக் கிணற்றை எந்தத் தேதியில் சோதித்தார்கள், பில் யார் பெயரில் போனது. இந்த ஐந்து கேள்விகள் போதும்.