ஓசி மென்பொருளின் விலை

பூட்டை உடைத்துக் கொடுத்தவன் தனக்கும் ஒரு சாவி வைத்துக்கொள்ள மாட்டானா? திருட்டு மென்பொருளைக் கணினியில் ஏற்றுவோர் இதைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

விண்டோஸையும் போட்டோஷாப்பையும் காசில்லாமல் ஓடவைக்க 'கிராக்', 'ஆக்டிவேட்டர்' என்ற பெயர்களில் நிரல்கள் உலவுகின்றன. அவற்றோடு வரும் முதல் நிபந்தனை என்ன தெரியுமா? ஆன்டிவைரஸை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான்! காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முகம் தெரியாதவனிடம் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம்.

'கேஎம்எஸ்பிக்கோ' என்ற ஆக்டிவேட்டரின் பெயரால் 'கிரிப்ட்பாட்' என்ற திருட்டு நிரல் பரப்பப்பட்டது 2021 டிசம்பரில் அம்பலமானது. கணினியில் சேமித்திருந்த கடவுச்சொற்களை அது அள்ளிச் சென்றது. 'ஸ்டாப்' என்ற நிரலோ கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்டது. 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி விலையாம். கொள்ளையிலும் தள்ளுபடி!

"நான் எதையும் இறக்கவில்லை, கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்தார்" என்று சொல்லியும் தப்ப முடியாது. 2011இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் சீனக் கடைகளில் 20 புதிய கணினிகளை வாங்கிச் சோதித்தனர். நான்கில் கள்ள விண்டோஸோடு நச்சு நிரல்களும் இருந்தன.

நம் ஊர்களில் நிலைமை என்ன? டிராவல்ஸ் அலுவலகக் கணினியில் நூற்றுக்கணக்கானோரின் பாஸ்போர்ட் நகல்கள். ஜமாஅத் அலுவலகத்தில் திருமணப் பதிவேடு, கல்வி உதவி கேட்டு வந்த ஏழை மாணவியின் ஆதார் நகல், அவள் தாயின் வங்கிக் கணக்கு எண். நம்மை நம்பி ஒப்படைத்தவை அல்லவா இவை! நம் சிக்கனத்துக்காக அவர்கள் ஏன் பறிகொடுக்க வேண்டும்?

சட்டமும் சும்மா இல்லை. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

விலை கட்டுப்படியாகவில்லை என்பது உண்மைதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் சட்டப்படியே இலவசம். அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன. பிள்ளைகளால் முடிந்தது நம் நிர்வாகிகளால் முடியாதா?

அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே அலுவலகக் கணினியில் என்ன ஓடுகிறது என்று விசாரியுங்கள். அதற்கு முன், பதிவேடுகளை ஒரு தனி டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.